விலகினால் நெருங்கும்

இரவு ஒரு மணி. எண்ணூர் சாலை. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் வரிசையாக கன்டெய்னர் லாரிகள். ஓர் ஈ காக்கைகூட இல்லை...

“நம்ம ஒவைஸோட அக்கா நவ்ரீனுக்கு நடந்தது,” என்றான் கலீலுல்லா. ராயபுரத்தில் ஒவைஸ் வீட்டு மாடி அறை. கரண்ட் இல்லை. ஒவைஸ் கதவோரம் உட்கார்ந்திருந்தான்.

“இன்னா மாமு, பேய்க் கதைக்கு சாட்சி வேறயா?” ஃபிர்தௌஸ் சிரித்தான்.

நவ்ரீனுக்கு நட்சத்திர ஆராய்ச்சி. சில நட்சத்திரங்கள் எந்த டெலஸ்கோப்பில் பார்த்தாலும் ஒற்றைப் புள்ளிதான்; உண்மையில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு. ஒளியைப் பிரித்தால் கோடுகள் தெரியும். நட்சத்திரம் நெருங்கினால் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகினால் சிவப்புப் பக்கம். அந்த ஆட்டத்தை வைத்தே, கண்ணுக்குத் தெரியாத ஜோடி சுற்றும் பாதையைக் கணக்குப் போட்டுவிடுவாள்.

அன்று கல்யாண வீட்டிலிருந்து வந்த ஆட்டோ பாதியில் படுத்துவிட்டது. டிரைவர் மெக்கானிக்கைத் தேடிப் போனான். தம்பி ஒவைஸை பைக்கில் வரச் சொல்லிவிட்டு நின்றாள்.

பைக் சத்தம். தம்பியின் ஓட்டை சைலன்சர்தான். கீச்சென்று ஏறி வந்தது... அவளைக் கடந்ததும் கம்மி இறங்கியது. நிற்கவில்லை. மறுபடி வந்தது. மறுபடி போனது. ஒவ்வொரு தடவையும் லாரிகளை இன்னும் உரசிக்கொண்டு.

போன் போட்டாள்.

“நேராதான் வந்துகினு கீறேன்க்கா... ரோடு முடியவே மாட்டேங்குது. பிரேக்கும் புடிக்கல...” அழுதான்.

கிட்டே வந்தால் வேகம். எட்டப் போனால் நிதானம். அவளுக்கு மனப்பாடமான வளைவு அது. தனியாக இருக்கும் எதுவும் இப்படிச் சுற்றாது. கூடவே ஒன்று சுற்றுகிறது...

“என்னைத் தேடாத. வூட்ட பாத்து போ. திரும்பாத!”

“நீ?”

“போடா!”

சத்தம் இறங்கியது... தேய்ந்தது... திரும்பவில்லை. தம்பி தப்பித்தான். மூச்சு விட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. ஜோடியில் ஒன்று நம்மை விட்டு விலகினால், மற்றது நம்மை நெருங்கும்.

கடலோரக் கருங்கற்கள் மேல்... சளப்... சளப்... அழுகிய பாசி நாற்றம்.

கலீலுல்லா நிறுத்தினான்.

“அப்பால?” என்றான் ஃபிர்தௌஸ்.

“விடிஞ்சி நடந்தே வந்தாங்க. அதுக்கு மேல கேட்டா பேச மாட்டாங்க.”

கீழே கேட் திறந்தது. நவ்ரீன் ராத்திரி வேலைக்குக் கிளம்பினாள். அவள் செருப்புச் சத்தம் தெருக்கோடியை நோக்கித் தேய்ந்தது. ஒவைஸ் எழுந்து கதவைத் தாழிட்டான்.

“ஏன்டா? அக்கா திரும்பி வரணுமே!” ஃபிர்தௌஸ் சிரிக்கவில்லை.

“அது இப்ப அக்காவோட ஜோடி. அக்கா வர்றப்ப தொறந்துக்கலாம். அப்ப அது போய்க்கினு இருக்கும்.”

மாடிப்படியில் சளப் என்று ஒரு சத்தம். கதவிடுக்கு வழியே பாசி நாற்றம் வந்தது.