ஆப்ஷன்ஸ் ஃபைலில் ஒரு தூசணம்

செவ்வாய் காலை 7.42, கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸில் நான் ஏறிய ரயில். எதிரே ஒரே அலுவலகத்தைச் சேர்ந்த இருவர்: மடியில் லேப்டாப்புடன் ஐம்பது வயதுக்காரர், பக்கத்தில் அவரைவிட இளைய பெண்.

“அந்த ஆப்ஷன்ஸ் ஃபைலில ஒரு தூசணம் எழுதுங்கோ அண்ணை,” என்றாள் அவள்.

“ஏன்?”

“கணக்குப் போடுற சால்வர் புரோகிராம் அந்த ஃபைலை வாசிச்சால், இது என்னெண்டு விளங்கேல்லை எண்டு நிண்டிடும். வாசிக்காட்டில் பேசாமல் கணக்கைப் போடும்.”

“மூண்டு கிழமையா அதிலதான் செட்டிங்ஸ் மாத்தினனான். எங்கட தண்ணிப் பம்புக் கணக்கு இப்ப பாதி நேரத்தில முடியுது. பத்து மணிக் கூட்டத்தில மனேச்சருக்கு அதைத்தான் சொல்லப்போறன்.”

“உங்களுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் மூண்டு கிழமைக்கு முன்னம்தான்.”

அவர் ஒரு கெட்ட வார்த்தையைத் தட்டி, சால்வரை ஓடவிட்டார். ஒரு முறைப்பாடும் இல்லாமல் விடை வந்தது.

“ஃபைலை எங்க வச்சிருக்கிறியள்?”

“டெஸ்க்டாப்பில.”

“புரோகிராம் ஓடுற ஃபோல்டரிலயெல்லோ அது தேடும். மூண்டு கிழமையா அது உங்கட செட்டிங்ஸைப் பார்க்கவேயில்லை. நல்ல உழைப்பு.”

அவர் அந்த வார்த்தையை அழித்தார். ஸ்ட்ராட்ஃபோர்டில் ரயில் நின்றபோது லேப்டாப்பை மூடினார்.

“புதுக் கம்ப்யூட்டர் வந்தது கூட்டத்தில ஒருதருக்கும் ஞாபகம் இராது,” என்றார் பிறகு.

“எனக்கு இருக்கும். பத்து மணிக்கு நானும் வாறன்.”