சுத்தமான மின்சாரம்

ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு அவசரம்தான், ஐயா. கடையில் பத்து நிமிடம் கேட்டுவிட்டு ஆகா ஓகோ என்று வாயைப் பிளந்து வாங்கிவிடுவார்கள். பிறகு ஆயுளுக்கும் குறை சொல்வார்கள். நான் இரண்டு வருடம் யோசித்தேன். செல்லோ வாத்தியம் வாசித்த ஒரே ஒரு இசைத்தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு மாதம் ஒருமுறை நீகாத்தா நகரத்துக்கு ரயிலேறுவேன். என் தலையைக் கண்டதுமே கடைக்காரர் தேநீர் ஊற்றத் தொடங்கிவிடுவார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம், கண்ணாடிக் குழல் வால்வுகள் வைத்த அந்த ஆம்ப்ளிஃபயர் போதும் என்றிருந்தது. மற்ற பெட்டிகளில் செல்லோ மட்டும்தான் கேட்டது. இதில், வாசிப்பவர் வில்லைத் தூக்குமுன் மூச்சை உள்ளே இழுப்பதும் கேட்டது. அதைக் கேட்டு அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை.

இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு பெட்டிகள். வீட்டில் வைத்து உயிர் கொடுத்த அன்றே பின்னணியில் ஒரு ரீங்காரம். மூன்று நாள் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். என் மனைவி சுமியேயின் ஆக்ஸிஜன் மெஷின்தான் காரணம். எங்கள் சுபாமே ஊரில் ஒரு பட்டறையில் அவள் முப்பது வருடம் கரண்டிகளுக்குப் பாலிஷ் போட்டவள். அந்தத் தூள் நுரையீரலில் படிந்துவிட்டது. மூக்கில் குழாயோடுதான் இருந்தாள், மெஷின் எந்நேரமும் ஓடியது. அது வீட்டு மின்சாரத்தையே அழுக்காக்கிக்கொண்டிருந்தது.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டுத்தான் செய்தேன்.

"தட்டு ஒரு பக்கம் ஓடி முடியற வரைக்கும் மெஷினை நிறுத்தி வைக்கலாமா? இருபத்திரண்டு நிமிஷம்தான்."

"நிறுத்திக்குங்க. நான் வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தா உங்களுக்கு ரெட்டை லாபமாச்சே" என்று சிரித்தாள்.

அவள் உதடு நீலம் பாரிக்கவும் பக்கம் முடியவும் சரியாக இருக்கும். ஒரு வருடத்தில் ஒருமுறைகூட அவள் குறை சொன்னதில்லை. ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை, ஐயா. அதனால்தான் கம்பம் நட்டேன்.

எங்களைப் போன்ற இசைப் பைத்தியங்கள் சொந்தமாக மின்கம்பம் நட்டுக்கொள்வது இந்த நாட்டில் புதிதல்ல. தோட்டத்து மூலையில் தனி அறை, அதற்குத் தனிக் கம்பம், உச்சியில் தனி டிரான்ஸ்ஃபார்மர், தனி இணைப்பு. வீட்டு மின்சாரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கம்பம் நட்ட அன்று சுமியே அதன் அடியில் அரிசி மது ஊற்றிக் கைகூப்பினாள். ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் தம்பி எய்ஜியும் சும்மா இருக்கவில்லை.

"எல்லாரும் வீட்டுக்குக் கரண்ட் இழுப்பாங்க. அத்தான் கரண்டுக்கு வீடு கட்டியிருக்கார், பாருக்கா."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிட்டேன். ஒரு முழக் கனத்துக்குச் சுவர், இரட்டைக் கதவு. மூடிவிட்டால் வெளியுலகமே கிடையாது. அந்த அறையில் கேட்ட முதல் நாள்தான் என் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான நாள். சுமியேயும் வீட்டில் மெஷினோடு நிம்மதியாக இருந்தாள்.

பிப்ரவரியில் அந்த ஞாயிறு மதியம் ஈரப்பனி கொட்டியது. தேவதாரு மரக்கிளை ஒன்று முறிந்து வீட்டுக்கு வரும் கம்பிமேல் விழுந்தது. வீட்டில் கரண்ட் போய்விட்டது, என் கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சுமியேயை அவசர சிலிண்டருக்கு மாற்றினேன். மாற்று சிலிண்டர் வரவேண்டிய வண்டி பனியில் நின்றுவிட்டது என்று போன் வந்தது. கூரைப் பனியைத் தள்ள வந்திருந்த எய்ஜி அவளருகில் இருந்தான். காலையிலேயே வால்வுகளைச் சூடேற்றி வைத்திருந்ததால் நான் அறைக்குப் போனேன். ஊசியை வைத்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது. எய்ஜி வீட்டிலிருந்து நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"அத்தான், சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. அக்கா மெஷினுக்கு இங்கேருந்து கரண்ட் கொடுக்கலாம்."

"இந்தப் பக்கம் முடியட்டும், எய்ஜி."

"என்ன சொல்றீங்க?"

"இருபத்திரண்டு நிமிஷம். அவளுக்குப் பழக்கம்தான்."

அவன் ஒயரைச் சுவர்ப் பிளக்கில் செருகினான். உடனே ரீங்காரம் வந்தது. என் அறையில், என் கம்பத்தில். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான். நான் பிடுங்கினேன்.

"பொண்டாட்டி சாகக் கிடக்கா, உமக்குப் பாட்டு கேக்குதா? மனுஷனாய்யா நீர்?" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் செருகக் குனிந்தான்.

அலமாரியில் ஆம்ப்ளிஃபயருக்கான உதிரி டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. செங்கல் அளவு, முழு இரும்பு. பிடரியில் அடித்தேன். அவன் முழங்காலிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான், அதனால் நெற்றியில் இன்னொன்று. மூன்றாவதற்குக் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. அதில்தான் மண்டை உள்வாங்கியது. ரத்தம் தெறித்ததும் நான் முதலில் பார்த்தது வால்வுகளைத்தான். சூடான கண்ணாடியில் ஈரம் பட்டால் விரிசல் விட்டுவிடும். நல்லவேளையாக இடது பெட்டியின் மூடியில் மட்டும்தான் பட்டிருந்தது. துடைத்தேன். அவன் கையிலிருந்த ஒயரைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு இரண்டு கதவையும் சாத்தித் தாழிட்டேன். தட்டை ஆரம்பத்திலிருந்து வைத்தேன். எய்ஜியின் கால் வெகுநேரம் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

சுமியே காலுறையோடு பனியில், அறைக் கதவடியில் உயிரில்லாமல் கிடந்தாள் என்கிறீர்கள். ஒயரைப் பிடித்துக்கொண்டே தோட்டத்தைக் கடந்திருக்கிறாள், விரல் முட்டியெல்லாம் தோலுரிந்திருந்தது என்கிறீர்கள். இருக்கலாம். ஒரு பக்கம் என்றுதான் எய்ஜியிடம் சொன்னேன். தட்டைத் திருப்பிப் போட்டதும் நான்தான். அந்தக் கம்பத்தை அவளுக்காகத்தான் நட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கதவைத் தட்டியது கேட்டதா என்று நான்காம் முறையாகக் கேட்கிறீர்கள். கேட்கவில்லை. அந்தக் கதவைத் தாண்டி எதுவும் கேட்காது. ஆனால் இரண்டாவது பக்கத்தில் ஊசி துள்ளியது. கூரையிலிருந்து பனி சரிந்தால் ஒருமுறை துள்ளும். இது மூன்று மூன்றாக, விட்டு விட்டுத் துள்ளியது. கதவில் இருப்பது யார் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் ஊசியின் பாரத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் துள்ளல் நின்றுவிட்டது. அந்தத் தட்டை அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் நான் கேட்டதே இல்லை, ஐயா.