ட்ரம்மர் உள்ளேயே இருக்கார்

செந்தில்குமார்: இன்னா சொன்ன? ஸ்பீக்கர் வேணாமா?

ஹம்சினி: ஹெட்ஃபோன் போதும் செந்தில்.

செந்தில்குமார்: மயிலாப்பூர்ல ஒரு கடை, தி.நகர்ல ஒரு கடை, இப்ப நந்தனம். காலைலேர்ந்து ஒவ்வொரு ஸ்பீக்கராண்டயும் காத வெச்சுக்கினு நிக்கறேன். கடேசில ஹெட்ஃபோனா? படத்துக்கு மியூசிக் போடற ரெண்டு பேரு அத்த எப்டி மாட்டிக்கிறது, காதுக்கு ஒண்ணா?

ஹம்சினி: சிரிக்க வைக்காதே, தலை வலிக்கறது... ஆத்துல அம்மா தூங்கிண்டிருப்பா. ஸ்பீக்கர் சரிப்படாது.

செந்தில்குமார்: ஆத்துலயா? புட்டுக்கினது நாம வேல செய்யற ராயப்பேட்ட ரூம் கம்ப்யூட்டராச்சே. அதுக்கு பதிலாத்தான வாங்க வந்தோம்?

ஹம்சினி: இல்ல... ரெண்டு எடத்துலயும் வெச்சுக்கலாமேன்னு...

மெஹபூப் அலி: மேடம், நீங்க கேட்ட மேக் லேப்டாப்பும் சாஃப்ட்வேரும் நம்ம கடைல இருக்கு. சினிமாக்காரங்க நெறைய பேர் இதான் எடுத்துட்டுப் போறாங்க.

செந்தில்குமார்: பாய், ஒரு நிமிசம். என் வூட்ல கீறது விண்டோஸ். இதுல செஞ்சது அதுல தொறக்குமா?

மெஹபூப் அலி: தொறக்காது சார். இது மேக்ல மட்டுந்தான் ஓடும்.

செந்தில்குமார்: கேட்டியா ஹம்சி? எத்தினி வருசமா ஒரே ஃபைலு. காலைல நா தாளத்தப் போட்டு அனுப்புவேன், சாய்ந்தரம் நீ அதும்மேல வயலின் போடுவ. இனிமே இன்னா பண்றது?

ஹம்சினி: தனித்தனி டிராக்கா எடுத்து அனுப்பிக்கலாமே.

செந்தில்குமார்: அனுப்பலாம், அனுப்பலாம்... சரி வுடு. எனக்குத் தாளம் தட்டுறதுக்கு ஒரு பேட் எடுத்துக்கலாம். பழசுல ரப்பரு கிழிஞ்சு பூட்ச்சு.

ஹம்சினி: அது... இப்போ வேண்டாமே.

மெஹபூப் அலி: பேடே தேவையில்ல சார். இந்த சாஃப்ட்வேர்ல ட்ரம்மர் உள்ளேயே இருக்கார். நீங்க ட்யூனப் போட்டா போதும், அவரே கூட வாசிச்சுடுவார்.

செந்தில்குமார்: சம்பளம் கேப்பாரா?

மெஹபூப் அலி: டீ கூடக் கேக்க மாட்டார் சார்.

செந்தில்குமார்: நல்ல மனுசன்.

ஹம்சினி: பாய், நாங்க கொஞ்சம் பேசிக்கறோமே...

மெஹபூப் அலி: பேசுங்க மேடம். நான் உள்ள ஸ்டாக் பாத்துட்டு வரேன்.

ஹம்சினி: செந்தில்... கோச்சுக்காதே.

செந்தில்குமார்: கோவம்லாம் இல்ல. கால் கடுக்குது, அவ்ளோதான். சொல்லு.

ஹம்சினி: ஒரு படம் வந்திருக்கு. பெரிய கம்பெனி. சுந்தரராமன்தான் டைரக்டர்.

செந்தில்குமார்: நல்லதுதான.

ஹம்சினி: இசைன்னு ஒரே ஒரு பேர்தான் போடுவேங்கறார். ரெண்டு பேர்னா யார்கிட்ட பேசறதுன்னு தெரியலையாம்.

செந்தில்குமார்: ம்.

ஹம்சினி: ஹம்சினி–செந்தில்னு எத்தனை சின்னப் படம் பண்ணியாச்சு. பாதி ரிலீஸே ஆகலை. எனக்கு அலுத்துப் போச்சுடா... ஒரு தடவையாவது தியேட்டர்ல ஜனங்களோட உக்காந்து என் மியூசிக்கைக் கேக்கணும்னு ஆசையா இருந்தது. சரின்னுட்டேன்.

செந்தில்குமார்: எப்ப?

ஹம்சினி: போன வாரம். தெனம் சொல்லணும்னுதான் ரூமுக்கு வருவேன். உன் மொகத்தைப் பாத்தா வாய் வராது.

செந்தில்குமார்: அதான் நீ தனியாப் போறதுக்கு சாமான் பாக்க என்னியே இட்டுக்கினு வந்தியா?

ஹம்சினி: உன் காதை விட்டா வேற யார் காதை நம்பறது... திட்டேன். ஏதாவது சொல்லேன்.

செந்தில்குமார்: இந்த ஹெட்ஃபோன் வேணாம். தி.நகர்ல பாத்தமே, கறுப்பு, அத்த வாங்கு. பேஸ் சுத்தமா கேக்குது.

ஹம்சினி: நீ இப்படி இருந்தா எனக்கு பயமா இருக்கு செந்தில். உனக்கு முன்னாடியே தெரியுமா?

செந்தில்குமார்: சுந்தரராமன் மொதல்ல என்னாண்டதான் வந்தாரு. ஒரே பேருதான்னாரு. ரெண்டு பேருமா செஞ்சாதான் செய்வோம், இல்லாட்டி வேணாம் சார்னுட்டேன்... ஹம்சினியாண்ட போனாலும் அதேதான் சொல்லுவா, வீணா அலையாதீங்கன்னு வேற சொல்லி அனுச்சேன்.