ஓடில்லாக் கடல் நத்தைக்கு ஒரு துண்டுக் கடல்

இந்தக் கரையில் எவர் குரல் கொடுத்தாலும் முதலில் எழுந்து நிற்கும் தலைவர் ஐயா ஜெக்கரியா அவர்களே! வலைக்கும் அலைக்கும் வாழ்க்கைப்பட்டும் வற்றாத சிரிப்போடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! காற்றின் கணக்கறிந்த பெரியோர்களே! உங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியை செந்தாமரை, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரி. வயல் நண்டு தெரியும், வலை நண்டு தெரியாது. அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, அக்கா வள்ளியம்மை தன் நண்டு வலையில் சிக்கிய ஒன்றைக் காட்டினார்கள். பாசியா? இல்லை! பட்டுத்துணியா? இல்லை! ஓடில்லாத கடல் நத்தை! கட்டைவிரல் நீளம், நீல உடம்பு, மஞ்சள் கரை, சிவந்த இரு கொம்பு, முதுகில் பூவாய் விரிந்த செவுள்!

யாரது, கடல் அட்டையா என்பது? இல்லை அண்ணே, அரசாங்கம் பிடிக்கத் தடைபோட்ட அட்டையைத் தொட்டால் வழக்கு வரும் என்று எனக்கும் தெரியும்!

ஓடில்லாத உயிருக்கு எது காவல்? கடற்பஞ்சைத் தின்கிறது. பஞ்சின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்க்கிறது. தொட்டால் கெட்டாய் என்று தன் நிறத்தாலேயே மிரட்டுகிறது. என்ன துணிச்சல், என்ன திமிர்!

அந்த அழகில் மயங்கி, கடல்நீரோடு அதை ஊருக்குக் கொண்டுபோனேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அது சுருண்டு கிடந்தது. என் அப்பா ரெத்தினம் பெருமையாகச் சொன்னார்: "கடத்தண்ணி உப்பாக் கெடந்துச்சு. பாவம்னு நம்ம ஆத்துத் தண்ணிய மாத்தி ஊத்துனேம்மா!"

சிரிக்காதீர்கள். காவிரி எதையும் வாழவைக்கும் என்று நம்பிய மனிதர் அவர். அன்று அவர் சோறு உண்ணவில்லை. எடுத்துப்போன குற்றம் என்னுடையது.

நம் கரையோரக் கடற்புல் திட்டில், அடிமண்ணோடு புல்லையும் வாரிவரும் இழுவலை போடலாமா, கூடாதா என்று முடிவெடுக்கத்தான் இன்று கூடியிருக்கிறோம். கூடாது என்கிறேன் நான்!

"ஒரு நத்தைக்காக எங்க வயித்துல அடிக்கிறீங்களே டீச்சர்?" என்கிறார் மதலைமுத்து அண்ணன். நியாயமான கேள்வி. முழுக் கடலையா கேட்கிறேன்? இந்தப் பந்தலிலிருந்து மாதா கோயில் வரைக்கும் உள்ள அளவு, சுற்றி நான்கு மிதவை, அவ்வளவே! உங்கள் நண்டுக்குஞ்சு ஒளிந்து வளர்வது எங்கே? அந்தப் புல்லில்! அந்த நத்தை தின்னும் பஞ்சு எங்கே? அந்தத் திட்டில்! வேறிடத்தில் அது பிழைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். கொண்டுபோய்க் கொன்றவள் நான்!

அன்றிலிருந்து பதினோரு ஞாயிறு அங்கே குனிந்து தேடினேன். நேற்றுதான் அதேபோல் இன்னொன்றைக் கண்டேன். பஞ்சின்மேல் நாடாபோல் சுருட்டி முட்டை வைத்திருக்கிறது!

தலைவர் ஐயா பொறுத்தருள வேண்டும், கை தூக்குவது சற்று நேரம் நிற்கட்டும். கடல் வற்றியிருக்கிறது, முழங்கால் ஆழம்தான். எல்லோரும் இப்போதே என்னோடு இறங்குங்கள். மதலைமுத்து அண்ணன் முன்னால் வரட்டும். குனிந்து பார்த்துவிட்டு அவரே இழுக்கலாம் என்றால், அதன்பின் நான் வாய் திறக்கமாட்டேன்.

இவ்வளவு நேரம் காதுகொடுத்த உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும். வாருங்கள். பார்த்துக் கால் வையுங்கள், அங்கே முட்டை இருக்கிறது.