நான்கு முறை நலம்

உங்கள் நாற்காலி இரண்டு அங்குலம் தாழ்வாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும். இப்படியே உட்கார்ந்து எழுதினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். தப்பாக நினைக்காதீர்கள், பதினெட்டு வருடப் பழக்கம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் நாற்காலி, விளக்கு, மின்கம்பி எல்லாவற்றையும் கேமரா வழியாகப் பார்த்துச் சரிசெய்வதுதான் என் உத்தியோகம்.

பெயர் வார்விக் பெல்லோ. ஊர் டூவூம்பா. காப்பீட்டுக்காரர்களுக்காகத் தொலைபேசியில் பதில் சொல்லும் ஆஸ்திரேலியக் கம்பெனி எங்களுடையது. பாதிப் பேர் ஃபிஜித் தீவுகளில், அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். உனைசி அவர்களில் ஒருத்தி. லம்பாசாவைத் தாண்டி ஒரு மரவீட்டில் தனியாக இருந்தாள்.

தனியாக இருப்பவர்களுக்காக நானே ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். மணிக்கு ஒரு முறை திரையில் 'நலம்' என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் என் திரையில் அவர்கள் பெயர் சிவக்கும். நான் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். பேச்சில் கோளாறு தெரிந்தால் பக்கத்தில் இருக்கும் ஆளை அனுப்ப வேண்டும். உனைசிக்கு அந்த ஆள் அவள் அண்ணன் எரோனி. மூன்று நிமிட நடை. அவர் எண்ணை வற்புறுத்தி வாங்கி வைத்தவனே நான்தான்.

நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே மழை தூறினாலே கரண்ட் போய்விடும். கம்ப்யூட்டர் அணையும், பெயர் சிவக்கும். ஒவ்வொரு சிவப்புக்கும் நான் பதினொரு பக்கம் காரணம் எழுத வேண்டும். மேலாளர் பிரான்வின் தினமும் கேட்பாள்.

"என்ன வார்விக், உன் தீவுக்காரங்க இன்னைக்கும் செகப்புக் கொடி காட்டுறாங்களா? ஒரு வழி பண்ணுப்பா. எனக்கு மேல இருக்கறவங்க என்னை வறுக்கறாங்க."

ஒரு வழி பண்ணினேன். எல்லோருக்கும் பெட்ரோல் ஜெனரேட்டர் அனுப்பினேன். வீட்டுக்கு வெளியே, இருபதடி தள்ளித்தான் ஓட்ட வேண்டும், அதன் புகையில் வாசனையே இல்லாத விஷம் இருக்கிறது என்று வகுப்பும் எடுத்தேன். தேர்வில் உனைசி பத்துக்குப் பத்து. அதற்குப் பிறகும் யாராவது அழுத்த மறந்தால் நானே அழுத்திவிடுவேன். மறதிதானே, அதற்குப் போய் பதினொரு பக்கமா?

இப்படித்தான் அலுவலகப் பலகையில் 'சிவப்பில்லாத நாட்கள்' முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆயிற்று. மறுநாளைக்கு லாமிங்டன் கேக் சொல்லியிருந்தார்கள். பிரான்வின் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவதாக இருந்தது.

அன்று காலை ஒன்பதேகாலுக்கு உனைசியிடமிருந்து செய்தி வந்தது.

"பாஸ், கரண்ட் போச்சு. வெளிய காத்தும் மழையும் பேயா அடிக்குது. ஜெனரேட்டரை சமையக்கட்டுல வச்சு ஓட்டிக்கட்டா?"

நான் பதில் போட்டேன்: "செங்ஙா நா லெங்கா."

'ஒன்றும் பிரச்சினையில்லை' என்று அர்த்தம். ஃபிஜியில் எதற்கும் அதுதான் பதில். கூரை பறந்துபோன அன்றுகூட உனைசி என்னிடம் அதைத்தான் சொன்னாள். அவர்கள் பாஷையில் எனக்குத் தெரிந்த மூன்று சொற்கள் அவை. சொல்லும்போது எனக்கே ஒரு பெருமை. அவள் செய்தியை முழுதும் படித்தேனா என்று கேட்பீர்கள். படித்தேன்.

பத்து மணிக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது, அவள் இன்னும் பொத்தானை அழுத்தவில்லை. கூப்பிட்டேன். ரொம்ப நேரம் கழித்து எடுத்தாள்.

"உனைசி, பொத்தானை மறந்துட்டியேம்மா?"

"தலை வெடிக்குது பாஸ். உக்காந்த எடத்துலயே கண்ணு சொருகுது."

"ஜன்னல் தொறந்திருக்கா?"

"சாரல் அடிக்குதுன்னு... எல்லாத்தையும் சாத்திட்டேன்."

அவள் குரலுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுந்து வெளிய போம்மா. கொஞ்சம் காத்து வாங்கு."

"செங்ஙா நா லெங்கா, பாஸ்."

அதற்கு மேல் பேச்சில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. நான்தான் துண்டித்தேன்.

என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். வகுப்பு எடுத்தவனே நான். ஆனால் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பவனால் என்ன செய்ய முடியும்? ஓடிப்போய்க் கதவை உடைக்கவா முடியும்? எரோனியின் எண் திரையில் இருந்தது, மறுக்கவில்லை. அவரை அனுப்பினால் அது பதிவாகும். பதிவானால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதினால் என் மூன்று சொற்களும் அதில் வரும். பலகையும் பூஜ்யத்துக்குப் போகும். அவளே பிரச்சினையில்லை என்று சொன்ன பிறகு, இத்தனையும் எதற்கு?

மழை விட்ட பிறகு எரோனி தானாகவே தங்கையைப் பார்க்கப் போயிருக்கிறார். ஒன்றரை மணிக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஐயா, கையெல்லாம் வெறச்சுக் கெடக்கா என் தங்கச்சி. அரை மணிக்கு முன்னாடி நலம்னு இருக்கே இந்தத் திரையில. அழுத்துனது யாரு?"

ஜெனரேட்டரில் அப்போது பெட்ரோல் மிச்சம் இருந்ததாம். கம்ப்யூட்டர் அணையவேயில்லை.

எரோனியிடம் உங்கள் ஆட்கள், வீடு ஃபிஜியில் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றார்கள். ஃபிஜி அதிகாரிகள், கம்பெனி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, அங்கே சொல்லுங்கள் என்றார்கள். நான்கு மாதமாக எரோனி இரண்டு பக்கமும் மனு போட்டுக்கொண்டிருக்கிறார். பாவம், அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால்தான் நானே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. நான்கு முறையும் நான்தான் அழுத்தினேன். பதினொரு மணி வரை அவள் உயிரோடு இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறைகூட ஒரு நிமிடம் தாமதமாகவில்லை. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.