எட்டு வரிசைக்கு ஒரு சந்து

ஹலோ... ஹலோ, தம்பி? அண்ணிதான் பேசறேன். டிராக்டரை அணைக்கச் சொல்லிட்டுப் பேசு, ஒண்ணும் கேக்கல... ஆங், இப்போ கேக்குது.

எவ்வளவு ஆச்சு?... பாதி வயலா? அதுக்குள்ளேயா?... சரி சரி. எந்த மூட்டையைப் பிரிச்சே?... பச்சை நூல் தைச்சதுதானே? நெட்டை ரகம்?... அப்பாடா. காலையிலேருந்து எனக்கு அதே நினைப்பு. பழக்க தோஷத்துல பழைய கொண்டைக்கடலையை எடுத்துக் கொட்டிடுவியோன்னு.

...பழசு நல்லாத்தான் காய்க்கும், நான் இல்லேன்னா சொன்னேன்? ஆனா காயெல்லாம் மண்ணை ஒட்டியே தொங்கும். அறுவடை மெஷின் கத்தி ஒரு ஜாண் உயரத்துலதான் ஓடும். அதுக்குக் கீழ இறக்கினா மண்ணையும் கல்லையும் சேர்த்து அள்ளும்... ஆமா. ஆமா, அதேதான்.

வரிசைக்கு வரிசை ஒரு அடி விட்டியா?... செடிக்குச் செடி அரை ஜாண்?... நல்லது. நெருக்கமா இருந்தாத்தான் நிமிர்ந்து வளரும். இடம் கிடைச்சா அதுவும் உன்னை மாதிரிதான், காலை நீட்டிப் படுத்துக்கும்... சிரிக்காதே, நிஜமாத்தான்.

...என்ன சந்து?

இரு, இரு. எட்டு வரிசைக்கு ஒண்ணா? விதைக்கிற கருவியோட ஒன்பதாவது குழாயில துணியை வச்சு அடைச்சிட்டியா?... எல்லா நடையிலயும்?

தம்பி. யார் நடக்கறதுக்கு?

...

இல்ல, திட்டல. கேக்கறேன். அது ஆள் வச்சுப் பிடுங்கினப்போ உங்க அண்ணன் விட்டது. பிடுங்கின செடியைக் கட்டித் தூக்கிட்டு வர வழி வேணுமே. இப்போ மெஷின்தானே வரப்போகுது... கை தானா அடைச்சிடுச்சா... ம். புரியுது. புரியுதுடா.

...அப்படியே விட்டுட முடியாது. சந்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கற செடி வெளியில சாயும். அடிக்கிளையெல்லாம் கத்திக்குக் கீழ போயிடும். வயல் முழுக்க எத்தனை சந்து, நீயே எண்ணிப் பாரு.

...என்ன சொன்னே? மெஷின் விட்ட மிச்சத்தை நீயே பிடுங்கிக்கறியா?

டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு?... பொய் சொல்லாதே. உன் பொண்டாட்டி என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. உங்க அண்ணன் நெஞ்சுல இருந்த அதே அடைப்பு... சின்னதோ பெருசோ! அவரும் லேசா வலிக்குதுன்னுதான் சொன்னாரு. வெயில்ல குனிஞ்சு, ஆள் வரலேன்னு ஒண்டியா நாலு நாள்... நீ பார்க்கலையா? நீதானேடா தூக்கிட்டு வந்தே?

இந்த வருஷம் இந்த வயல்ல அறுவடைக்கு யாரும் குனியக் கூடாது. அதுக்குத்தான் ரகத்தை மாத்தினேன், மெஷினுக்குச் சொன்னேன். விளைச்சல் குறைஞ்சா குறையட்டும்.

...அழாதே. தம்பி, அழாதே. டிரைவர் பக்கத்துல இருக்காரா?... சரி, முகத்தைத் துடை.

கேளு. முதல்ல துணியை எடு. மிச்ச வயலை ஒன்பது குழாய்லயும் விதை. விட்ட சந்துல களைக்கொத்தியால கீறிட்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு வரிசை கையால போட்டுடலாம். இன்னிக்கே போடணும், நாளைக்கு ஈரம் இருக்காது... நீ கீற வேண்டாம். பக்கத்து வயல்காரர் வீட்டுல ரெண்டு பேரைக் கூட்டிட்டு நான் வரேன்.

...ம்?

ஒண்ணை மட்டும் விடணுமா... எதை?

...

தெரியும். வரப்புலேருந்து ஆறாவது. அவர் விழுந்த சந்து. தண்ணிக்குடம் அங்கேயேதான் உருண்டு கிடந்துச்சு.

...இல்லப்பா. விட்டா வருஷா வருஷம் அங்கே போய் நின்னுட்டே இருப்போம். நீயும் நிப்பே, நானும் நிப்பேன். அதையும் விதைச்சிடணும்... நீ அதைத் தொடாதே. உன்னால ஆகாது.

நான் போடறேன்.

...போட்டுடுவேன். செருப்பு மாட்டிட்டேன், கிளம்பிட்டேன். வச்சிடறேன்.