ஆல்-இன்-ஒன் போதாதா?

— அப்போ இது கம்ப்யூட்டரே இல்லன்னு சொல்லுதியளா, ஜஸ்டின் தம்பி?

— கம்ப்யூட்டர்தான், ஒலி முகம்மது அண்ணாச்சி. இல்லைன்னு சொல்லல. ஆனா பேசிக்கலி, பல் டாக்டர் வீட்டு முன் ரூம்ல டோக்கன் போடுததுக்கு உள்ளது. என்னை மாதிரி ஒரு விஷுவல் ஸ்டோரிடெல்லர் இதுக்கு முன்னால உக்காந்தா விஷன் சுருங்கிரும்.

— தென்காசியில கடை போட்ட நாள்ல இருந்து, கம்ப்யூட்டரப் பாத்து விஷன் சுருங்குதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். ஜாய் தங்கச்சி, நீ என்னம்மா சொல்லுத?

— நான் என்னத்தச் சொல்ல, அண்ணாச்சி. ஸ்டுடியோவுல பழைய சிஸ்டம் படுத்துருச்சு. ஞாயித்துக்கிழமை குத்தாலத்துல வடகரைப் பார்ட்டிக்குக் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் சூரியகாந்திக் காட்டுல கையப் பிடிச்சு ஓடுத படத்த அதுக்குள்ள வெட்டி ஒட்டிக் குடுக்கணும். மண்டபத்துல பெரிய திரை கட்டிப் போடப் போறாவளாம். அதுக்கு இந்த ஆல்-இன்-ஒன்னு போதும். திரையும் பெட்டியும் ஒண்ணு, ஒத்த வயரு. ஆட்டோவுல மடியில வச்சே கொண்டு போயிரலாம்.

— ஏட்டி, வெட்டி ஒட்டின்னு கறிக்கடை மாதிரிச் சொல்லாத. நேரேட்டிவ்.

— சரி, நேரேட்டிவ். கல்யாணமாகி வந்ததுல இருந்து அந்த நேரேட்டிவ வெட்டி ஒட்டுதது நான். அந்த நாற்காலிக்குத்தான் இப்போ ஆபத்து, அண்ணாச்சி. வொர்க்ஸ்டேஷன் வந்தா இவியளே உக்காரப் போறாவளாம்.

— ஆமா. இனி எடிட்டிங், கலர், சவுண்டு எல்லாம் நானே. கிரியேட்டிவ் கன்ட்ரோல் ஒரு கையில இருக்கணும்.

— அப்போ என் கையி?

— உனக்கு இனி வேலை கம்மி, ஏட்டி. சந்தோசப்படு.

— கேட்டியளா, அண்ணாச்சி? வேலைய விட்டுத் தூக்குததுக்கு இங்க இப்படித்தான் பேரு.

— நமக்கென்ன, ரெண்டும் என் கடைச் சரக்கு. எது போனாலும் எனக்குப் போணிதான். ஆனா உள்ளதச் சொல்லிருதேன். ஆல்-இன்-ஒன்னு பாக்க லெச்சணமா இருக்கும், மேசைய அடைக்காது. குத்தம் என்னன்னா, நாளைக்கு ரேம் பத்தலன்னா கூட்ட முடியாது. திரை போச்சுன்னா மொத்தமும் போச்சு. வொர்க்ஸ்டேஷன்ல எதையும் கழட்டலாம், மாட்டலாம். கிராஃபிக்ஸ் கார்டே செங்கல் கனம் இருக்கும். விடிய விடிய ரெண்டர் ஓடுனாலும் மூச்சு வாங்காது. ஆனா குத்தாலத்துல சாரல் விழுந்தா தென்காசியில கரண்ட்டு கண்ணடிக்கும்லா? அதுக்குத் தக்கன பெரிய யூ.பி.எஸ். வேணும். சூட்டுக்கு ஏசி வேணும். மாப்பிள்ளைய மட்டும் கூப்பிட்டா வரமாட்டாரு, மாமியா, மச்சினன், கொழுந்தியா எல்லாரும் கூடவே வந்து எறங்குவாவ.

— வரட்டும். கலைன்னு எறங்குன பெறகு அதெல்லாம் பாக்க முடியுமா?

— கலை எங்கங்க இருக்கு? பந்தியில சாம்பார் ஊத்துததுக்கு லைட் அடிச்சு வீடியோ எடுக்கோம்.

— அது டாக்குமென்டரி.

— தம்பி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. போன மாசம் ஒருத்தரு வொர்க்ஸ்டேஷன் எடுத்துட்டுப் போனாரு. அனிமேஷன் படம் பண்ணி வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பப் போறேன்னாரு. நேத்து சர்வீஸுன்னு கூப்பிட்டாருன்னு போயிப் பாத்தா, காதுகுத்து பேனர்ல தாய்மாமனுக்குப் பின்னால சிங்கம் வைக்காரு. சிங்கத்துக்குப் பிடரி மயிரு ஒண்ணொண்ணும் தனித்தனியாத் தெரியுது. மெசினு வீண்போகலன்னு வந்துட்டேன்.

— அவன் ஆப்பரேட்டர், அண்ணாச்சி. நான் ஆர்ட்டிஸ்ட். வடகரைப் பார்ட்டி எதுக்கு நம்மளத் தேடி வந்தாவ? 'ஜஸ்டின் க்ளோ'வுக்கு! பொண்ணு முகத்துல ஒரு பனிமூட்டம், ஓரத்துல பொன் ஒளி, கனவுல பாக்குத மாதிரி. சங்கரன்கோயில் வரைக்கும் அதுக்குப் பேரு இருக்கு. போன வருஷம் காலேஜ்ல கூப்பிட்டு அதப் பத்திப் பேசச் சொன்னாவ.

— பேசுனாவ, அண்ணாச்சி. நானும் பின்னால உக்காந்து கேட்டேன். 'மங்கல் என்பது மனசின் தெளிவு'ன்னாவ. பக்கத்துல இருந்த பிள்ளையெல்லாம் அத எழுதி வச்சிச்சுவ.

— பாத்தியளா, எழுதி வச்சிச்சுவ!

— சரி, அந்தச் சூரியகாந்திக் காடு எங்க? சுந்தரபாண்டியபுரமா?

— அங்கனதான். கோல்டன் அவர்ல, சாயங்கால வெயில் அப்படியே தேன் மாதிரி எறங்கும்போது எடுத்தது.

— சாயங்காலமா? சூரியகாந்தி நல்லா விரிஞ்சிட்டா கிழக்கப் பாத்துல்லா நிக்கும்?

— அதக் கேளுங்க, அண்ணாச்சி. நானும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வெயிலு முகத்துல விழணும்னு பொண்ணையும் மாப்பிள்ளையையும் மேக்க பாக்க நிறுத்தியாச்சு. பின்னால காட்டுல நின்ன அம்புட்டு பூவும் முதுகக் காட்டிட்டு நிக்கி. பூவெல்லாம் கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கேன்னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டுட்டாவ.

— அது ஒரு மூட், ஏட்டி. இயற்கையே அந்த ரெண்டு பேருக்கும் தனிமை குடுத்துத் திரும்பிக்கிடுது.

— காலையில எடுத்திருந்தா இயற்கை நேராவே நின்னுருக்கும்லா, தம்பி?

— காலை வெயில் ஹார்ஷ் லைட். கண்ணு கூசும். பேசிக்கலி, பூவு ஒரு பிரச்சினையே இல்ல. வொர்க்ஸ்டேஷன் மட்டும் வரட்டும், ஏஐ வச்சு ஒவ்வொரு பூவா இந்தப் பக்கம் திருப்பிரலாம்.

— காட்டுக்காரன் தண்ணி பாய்ச்சியும் திரும்பாத பூவ, நீங்க கரண்ட்டு பில்லு கட்டித் திருப்பப் போறிய. நல்லது. இந்தா இந்த அட்டையில வொர்க்ஸ்டேஷன் விவரம் எல்லாம் இருக்கு, வாசிச்சுப் பாருங்க.

— ஜாய், நீ வாசி. இந்த மாதிரி டெக்னிக்கல் டீட்டெய்ல் எல்லாம் உன் டிபார்ட்மென்ட்.

— நாற்காலி போயிட்டு, டிபார்ட்மென்ட் மட்டும் இருக்கா எனக்கு? நான் வாசிக்க மாட்டேன். அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. கல்யாண வீடியோவுக்கு ஆல்-இன்-ஒன்னு போதுமா, போதாதா?

— நீ பண்ணுத வேலைக்குத் தாராளமாப் போதும்மா.

— ஆங். கேட்டியளா?

— நான் பண்ணப் போற வேலைக்குப் போதாது. அண்ணாச்சி, இதுல என்ன பேச்சு? ரெண்டுலயும் படத்தப் போட்டுக் காட்டுங்க. கண்ணால பாத்து முடிவு பண்ணிருவோம்.

— அதுவும் சரிதான். பென்டிரைவ் கொண்டாந்திருக்கியளா?

— இந்தாங்க. நான் முடிச்ச துண்டு ஒண்ணு இதுல இருக்கு. இதப் போடுங்க.

— வேண்டாம். கேமரா கார்டையே போடுங்க. கலப்படம் இல்லாத ஒரிஜினல். என் கண்ணு பாத்தது அப்படியே தெரியணும்.

— ஏங்க, ஒரிஜினல் எல்லாம் எதுக்கு? முடிச்சது இருக்கும்போது?

— பயப்படுதா, அண்ணாச்சி. ஒரிஜினலே நல்லா இருந்துட்டா தன் வேலைக்கு மவுசு போயிருமேன்னு.

— நான் ஒண்ணும் பயப்படல. அண்ணாச்சி, அந்தக் கார்டப் போடாதிய. சொன்னாக் கேளுங்க.

— போட்டுட்டனேம்மா. இந்தா, வொர்க்ஸ்டேஷன்ல மாட்டியிருக்க பெரிய மானிட்டர்லயே வருது... ஐயய்யோ.

— என்ன அண்ணாச்சி? அசந்துட்டியளா?

— இல்ல தம்பி, இது புது மானிட்டரு. நேத்துதான் பெட்டியப் பிரிச்சேன். பொண்ணு முகம் சாணித்தாள்ல துடைச்ச மாதிரி கலங்கித் தெரியுது. கம்பெனிக்காரன் கழிச்சுப் போட்டத என் தலையில கட்டிட்டானோ? இருங்க, துணி எடுத்துத் துடைக்கேன்... ம்ஹூம். ஆனா பின்னால பூவோட காம்புல ரோமம் ரோமமாத் தெரியுதே. மானிட்டர்ல கோளாறுன்னா பூவும் கலங்கணும்லா?

— அது ஆர்ட், அண்ணாச்சி. முன்னால உள்ளது நினைவு, பின்னால உள்ளது நிஜம்.

— அப்படியா? அடுத்தது பாப்போம். இதுல மாப்பிள்ளைக்குக் காது தெளிவா இருக்கு, மூக்கு நினைவுக்குப் போயிட்டு. இதுக்கடுத்தது... இதுல ரெண்டு பேருமே நினைவு. அங்க தூரத்துல மேயுத எருமை மட்டும் நிஜம். எல்லாமே ஆர்ட்தானா, தம்பி? என்ன, ஸ்டூல இழுத்துப் போட்டு மானிட்டர் கிட்டக்க உக்காந்துட்டிய?

— நிறுத்துங்க, அண்ணாச்சி. உங்க மானிட்டர் மேல தப்பில்ல. கம்பெனிக்காரனத் திட்டாதிய.

— பெறகு யாரும்மா?

— இவியதான். ரெண்டு மூணு வருஷமா எடுக்கது எதுவும் ஃபோகஸ்ல இல்ல. நான் என்ன செய்ய? முகம் மட்டும் கலங்கியிருந்தா அவுட்டுன்னு திட்டுவாவ. மொத்தப் படத்தையும் கலக்கிவிட்டு, ஓரத்துல கொஞ்சம் மஞ்சளப் பூசிவிட்டா ஸ்டைலுன்னு கூப்பிட்டு மாலை போடுதாவ. அதான் ஜஸ்டின் க்ளோ. இவிய உக்காந்தா இதையெல்லாம் பாக்கணுமேன்னுதான் ஆல்-இன்-ஒன்னு போதும், நானே பாத்துக்கிடுதேன்னு அடிச்சுக்கிட்டேன். இப்போ கடையில வச்சு என் வாயாலயே சொல்ல வச்சுட்டிய.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— க்ளோ எதுக்குப் போடுதன்னு தெரியும். காலேஜ்ல பேசும்போதே தெரியும்.

— தெரிஞ்சுமா அம்புட்டு பேச்சு பேசுனிய?

— தெரிஞ்சதுனாலதான் பேசுனேன். சுகரு கண்ணுக்குப் போயிருச்சு, ஜாய். திருநெல்வேலியில டாக்டரு பாத்துட்டாரு. போன பார்வை வராதாம். இருக்கதக் காப்பாத்தலாமாம்.

— எப்போ போனிய? என்கிட்டச் சொல்லாம எப்போ போனிய?

— லென்ஸ் சர்வீஸுக்குன்னு சொல்லிட்டுப் போனேன்லா, அன்னிக்கு.

— தம்பி, நான் குறுக்க பேசுதேன்னு நினைக்காதிய. இப்போதான் கேமராவே தானா ஃபோகஸ் பிடிக்கே. அதப் போட்டுருக்கலாம்லா?

— போட்டேன், அண்ணாச்சி. யாருக்கும் தெரியாமப் போட்டேன். ஃபோகஸ் காட்டுத அந்தக் கட்டம் பொண்ணு முகத்துல நிக்கா, எருமை முகத்துல நிக்கான்னு எனக்குத் தெரிஞ்சால்லா? கேமராவுக்குப் பின்னால உள்ள திரை உள்ளங்கை அகலம். வெயில்ல அதுவும் வெள்ளையாப் போயிருது.

— அப்போ இந்தப் பெரிய மானிட்டரு?

— இதுல கிட்டக்க உக்காந்தா தெரியுது, அதச் சோதிச்சுப் பாக்கத்தான் கார்டப் போடச் சொன்னேன். இந்தப் பொண்ணு சிரிக்கல, அண்ணாச்சி. அழுகைய அடக்கிட்டு நிக்கி. அன்னிக்குக் காட்டுல எனக்குத் தெரியல.

— தங்கச்சி, கண்ணத் துடை. கடைக்கு ஆள் வருத நேரம்.

— நான் ஒண்ணும் அழல, அண்ணாச்சி. ஏங்க, ஞாயித்துக்கிழமைய என்ன செய்யப் போறிய? ஊருக்கு என்ன சொல்லப் போறிய?

— ஜஸ்டின் டைரக்டர் ஆயிட்டான்னு சொல்லுவேன். டைரக்டர் கேமராவத் தொடுவானா?

— இதுலயும் ஒரு பட்டமா உங்களுக்கு? சரி, இருக்கட்டும். அப்போ என் நாற்காலி போனது போனதுதானா?

— அதுல நான் உக்காந்துக்கிடுதேன், ஜாய். குத்தாலத்துல கேமராவத் தூக்கிட்டு நிக்கப் போறது நீ.